முதலாம் மைக்

பாரிஸிலிருந்து வந்த பெட்டியை நான் மேசையில் வைத்துப் பிரித்தபோது எங்கள் ஒழுங்கையில் அரைவாசிப் பேர் என் விறாந்தையில் நின்றார்கள். குருநகரில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டி வந்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும்வரை ஒருவருக்கும் சோறு இறங்காது. உள்ளே இருந்தது ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. முன்பக்கம் எட்டு ஓட்டை, எட்டுத் திருகு, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு சின்ன வெளிச்சம்.

"உது டிவிடி பிளேயரோ மாஸ்டர்?" என்று ஒருவன் கேட்டான்.

"ஓம். உன்ரை கலியாண வீடியோவைக் கொண்டு வா, போட்டுப் பாப்பம்" என்றேன்.

பாவி, கொண்டுவந்துவிட்டான்.

அதற்குப் பெயர் ஓடியோ இன்டர்பேஸ். எட்டு மைக்கை ஒரேயடியாக லப்டொப்பில் பதியும். எட்டுக் குரலும் ஒன்றோடொன்று கலக்காமல், திரையில் எட்டுக் கோடாகத் தனித்தனியே விழும். வேண்டுமென்றால் ஏழு பேரின் வாயை அடைத்துவிட்டு ஒருவரை மட்டும் கேட்கலாம். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். வகுப்பில் இப்படியொரு சாமான் இருந்திருந்தால் எத்தனை கள்ளரைப் பிடித்திருப்பேன்!

இதை அனுப்பியவன் என் அக்கா மகன் எமில்ராஜ். எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று பாடும் மாதாவின் ஏழு வியாகுலப் பாட்டுகளையும், போன வருடம் யாரோ போனில் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவனும் கூட்டாளிகளும் அங்கே அதைப் போட்டுக் கூடவே ஓகன் வாசிக்கப் பார்த்தார்களாம். தவக்காலத்தில் எங்கள் கோயிலில் ஓகன் திறப்பதில்லை. பாட்டு வெறும் தொண்டையில்தான். முதல் பாட்டுக்கு ஓகன் பொருந்தியதாம், இரண்டாவதிலேயே விலகத் தொடங்கிவிட்டதாம்.

"மாமா, கடைசிப் பாட்டு முடியேக்கை மூண்டு கட்டை இறங்கி நிக்குது" என்றான் போனில். "ஆரோ ஒராள் கீழை இழுக்கிறார். எட்டுப் பேரையும் தனித்தனியாய்ப் பதிஞ்சு அனுப்புங்கோ. பிழையான குரலை இஞ்சை மெசினிலை திருத்தலாம்."

குரலைத் திருத்த மெசினாம். பாடத் தெரியாதவனைப் பாட விட்டுவிட்டுப் பிறகு மெசினில் போட்டுக் கழுவுவது பாரிஸ்காரரின் வேலை. எனக்குத் தேவை வேறு. இழுப்பது யார் என்று தெரிய வேண்டும்.

தெரியாமலும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடகர் குழுவை நடத்துகிறேன். இவர்களில் ஒருவருக்கும் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. சனிக்கிழமை மீன் விற்ற தொண்டையோடு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார்கள். கொஞ்சம் தெரிந்தவள் என்று ஒருத்தி இருந்தாள், றொசாந்தி. மூன்று வருடத்துக்கு முன் எனக்கே சுருதி பற்றி வகுப்பெடுக்க வந்தாள். ஒத்திகைக்குப் பிந்தி வருகிறாள் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

இழுப்பது கிறகோரிதான். வலைக்காரன், அறுபத்திநாலு வயது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தியே தொண்டை கரடாகிப் போனவர். ஒவ்வொரு பாட்டின் முதல் வரியிலும் அவருடைய குரல் என்னுடைய குரலில் வந்து முட்டும். காதுக்குள் கல் விழுந்ததுபோல் இருக்கும். திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். உடனே தலையைக் குனிந்துகொண்டு என்னோடு சேர்ந்துவிடுவார். இதுதான் வருடா வருடம் நடப்பது.

மைக்குகளை ஜெரிசனிடம் வாடகைக்கு எடுத்தேன். திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன். மைக்கைத் தட்டித் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்வதுதான் இசை என்று நினைக்கிற பரம்பரை. எட்டு மைக்கையும் எட்டு வயரையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மாஸ்டர், எட்டு எதுக்கு? நடுவிலை ரண்டு வைச்சாலே காணும்."

"நடுவிலை ரண்டு வைச்சால் கள்ளனைப் பிடிக்கேலுமே?"

அவன் வயரைப் பிரித்தான். அவனை ஒன்றிலும் தொட விடவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு நாள் இருந்து படித்திருந்தேன். யூரியூப்பில் தொப்பி போட்ட பொடியன்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதையெல்லாம் பார்க்க எனக்குப் பொறுமையில்லை; எழுதியிருப்பதை வாசித்தால் போதாதா? மைக்கின் வயரைப் பெட்டியில் குத்து. பெட்டியை லப்டொப்பில் குத்து. ஆளைப் பாட வைத்து, வெளிச்சம் பச்சையில் நிற்கும்வரை திருகைத் திருப்பு. சிவப்பு வந்தால் குறை. இதற்கு ஒரு பட்டம் தேவையா?

மண்டபம்போல இருக்கும் என் முன்னறையில் யன்னல்களைச் சாத்தி, மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, எட்டுப் பேரையும் அரைவட்டமாக நிறுத்தினேன். முதலாம் மைக் எனக்கு. நாலாவது கிறகோரிக்கு. ஐந்தாவது லவீனாவுக்கு, கிறகோரியின் தங்கை மகள், வங்கியில் வேலை செய்கிறாள். மிச்ச ஐந்து பேரும் மற்ற மைக்குகளில் நின்றார்கள். பங்குனி வெயிலில் அந்த அறை அவியத் தொடங்கியது. "மாஸ்டர், பான் போடலாமே?" என்று ஒரு முனகல் வந்தது. பானுக்குப் பாடத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் பாட்டைப் பதிந்து போட்டுப் பார்த்தால், பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அடுத்த ஒழுங்கையில் போன மீன் மோட்டார்சைக்கிளின் ஹோர்ன்தான் தெளிவாகக் கேட்டது. திரையில் எட்டுக் கோடும் ஒன்றைப்போல ஒன்று.

"ஜெரிசன்! இதென்ன மைக்கோ, சிரட்டையோ? எந்தக் குப்பையிலை பொறுக்கினனி?" என்று கத்தினேன். எல்லாருக்கும் முன்னால், இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

அவன், "ஒருக்கால் பாக்கிறன் மாஸ்டர்" என்று லப்டொப்புக்கு முன்னால் குனிந்தான். இரண்டு இடத்தில் தட்டினான். பிறகு எழும்பிப் போய் வயர்களை ஒரு தரம் அழுத்திவிட்டு வந்தான். "வயர் ஒண்டு வடிவாய்ப் பிடிக்கேல்லைப் போலை. இப்ப பாருங்கோ" என்றான். இரண்டாம் தரம் கண்ணாடிபோலக் கேட்டது. வாடகைச் சாமான் என்றால் இப்படித்தான் என்றேன் நான். லவீனா குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுவதையும் பதிவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன்.

"நாங்கள் பாட்டுக்குப் பாட்டு இறங்கிறம். மூண்டு கட்டை. ஆர் இறக்கிறது எண்டு இந்தப் பெட்டி காட்டும். அந்த ஆள் இந்த முறை பெரிய வெள்ளிக்குப் பாடமாட்டார். அது ஆராய் இருந்தாலும் சரி. தேவமாதாவுக்கு முன்னாலை சொல்லுறன்."

சுவரில் மாதா படம் இருந்தது. அதைக் கைகாட்டித்தான் சொன்னேன். சொல்லும்போது கிறகோரியைப் பார்த்தேன். பெரிய வெள்ளிப் பாட்டு அந்த மனுசனுக்கு எவ்வளவு பெரிது என்று ஊருக்கே தெரியும். கடலுக்குப் போன இரண்டு பிள்ளைகள் திரும்பி வராத ஆள். சிலுவை சுமக்கும் மகனைத் தாய் தேடிப் போகும் நாலாம் பாட்டில் ஒவ்வொரு வருடமும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார். எனக்கும் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன்.

லவீனா மட்டும், "மாஸ்டர், உது வேண்டாம். இவ்வளவு காலமும் பாடினனாங்கள்தானே. விடுங்கோவன்" என்றாள்.

மாமனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "வங்கியிலையும் கணக்குப் பிழைச்சால் விடுங்கோ எண்டுதான் சொல்லுறனியோ?" என்றேன். பிறகு சின்னக் கீபோட்டில் தொடக்கச் சுருதியை ஒரு தரம் அமத்தினேன். பதிவைத் தொடக்கினேன். ஏழு பாட்டும் நிறுத்தாமல், கோயிலில் பாடுவதுபோலவே பாடினோம். முதல் வரிகளில் வழமைபோல அவருடைய குரல் வந்து முட்டியது. மனதுக்குள் சந்தோசப்பட்டேன்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு மேசையில் உட்கார்ந்தேன். என் மனுசி அருமைநாயகி பின்பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நேரே நாலாம் கோட்டுக்குப் போனேன். மிச்ச ஏழையும் அடைத்தேன்.

கிறகோரி தனியாக என் காதுக்குள் பாடினார். முதல் பாட்டு சரி. கீபோட்டை அமத்தி ஒத்துப் பார்த்தேன். அசைவில்லை. இரண்டாம் பாட்டின் முதல் வரி, அதுவும் சரி. ஆனால் அந்த வரி முடிவதற்குள் குரல் மெல்லச் சறுக்கி, இறங்கி, அரைக் கட்டை கீழே போய் நின்றது. மூன்றாம் பாட்டு: திரும்பவும் மேலே, சரியான இடத்தில் தொடங்கியது, திரும்பவும் இறங்கியது. ஏழாம் பாட்டிலும் அந்தக் கரட்டுத் தொண்டை, முதல் பாட்டின் சுருதியைத்தான் முதலில் தொட்டது. யாரும் தொடாத இடத்தில் தனியாக ஏறி நின்றுவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல மூன்று கட்டையும் இறங்கி வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகத் தொடங்கத் தெரிந்தவன் பிறகேன் கெடுக்கிறான்?

ஐந்தாம் கோட்டைத் திறந்தேன். லவீனா. மைக் அவளுடைய வாய்க்கு நாலு விரல் தூரத்தில் நின்றது, மூச்சுக்கூடக் கேட்டது. முதல் பாட்டு முடிந்தது. அமைதி. பிறகு, பாட்டுக் குரலில் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்:

"இறங்கீற்றார். பிடியுங்கோ."

திருப்பிப் போட்டேன். அதேதான். இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் இடையில், "திரும்பவும்". நாலாவதுக்கு முன், "மாமா, இனி ஏறாதேங்கோ, பாக்கிறார்". ஆறாவதுக்கு முன் ஒரு சின்னச் சிரிப்பு, அவளுக்கு அடுத்த மைக்கில்.

ஏழு கோட்டையும் கேட்டு முடித்தேன். ஏழு பேரும் ஒவ்வொரு பாட்டிலும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தார்கள். மிச்சம் ஒன்று. அதைத் திறக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. முதலில் வயரைச் சந்தேகித்தேன். பிறகு முதலாம் ஓட்டையை. கடைசியில் புத்தகத்தை எடுத்து, ஒரு மைக் மட்டும் சுருதி குறைந்து பதிய ஏதாவது வாய்ப்பு உண்டா என்று தேடினேன். அதில் அப்படி ஒரு பக்கமும் இல்லை. தேடும்போது இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. மென்பொருளில் இந்தப் பெட்டியைத் தெரிவுசெய்யாவிட்டால், லப்டொப்பின் சொந்த மைக்கில்தான் எல்லாம் பதியுமாம். ஜெரிசன் இரண்டு இடத்தில் தட்டியது அதற்குத்தான். வயர் என்று சொன்னது என் மானத்துக்காக.

முதலாம் கோட்டைத் திறந்தேன்.

பாடுகிறவன் நல்ல தன்னம்பிக்கையோடு பாடினான். சொல் சுத்தம், மூச்சு சுத்தம். ஒவ்வொரு பாட்டின் கடைசி வரியையும் உருக்கமாக இழுத்தான். இழுத்த ஒவ்வொரு தரமும் இறங்கினான். இறங்கிய இடத்திலிருந்து அடுத்த பாட்டை, ஒன்றுமே நடக்காததுபோல எடுத்தான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

"இஞ்சை பார். நான் பாடேக்கை சுருதி இறங்கிறதோ?"

அருமைநாயகி கத்தியை நிறுத்தவில்லை. "இப்பதான் கேக்கிறியளோ?"

"உனக்குத் தெரியுமோ?"

"கோயிலுக்கு வாற எல்லாருக்கும் தெரியும்."

"பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"றொசாந்தி சொன்னவள்தானே. அவளுக்கு என்ன செய்தனீங்கள்?" மீனைத் திருப்பி வைத்து அடுத்த பக்கம் வெட்டினாள். "நல்லாத்தான் பாடுறியள். எல்லாரும் உங்களோடை இறங்கினால் ஒருத்தருக்கும் தெரியாதுதானே. அப்பிடித்தான் சமாளிக்குதுகள்."

எனக்கு வெட்கம் வந்தது. அதைவிடக் கூடுதலாக ஆத்திரம் வந்தது. இந்தச் சுருதி தெரியாத கூட்டம், இந்த மீன் விற்ற தொண்டைகள், இருபத்திரண்டு வருடமாக என்னைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். நான் அவர்களைத் திட்டத் திட்ட, எனக்குத் தெரியாமல் குனிந்து குனிந்து சுமந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து ஒருவனாவது நேரே சிரித்திருந்தால் மனம் இவ்வளவு எரிந்திருக்காது.

புதன்கிழமை பின்னேரம் எல்லாரும் வந்தார்கள். மைக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஜெரிசனும் ஒரு மூலையில் இருந்தான். எல்லாருடைய கண்ணும் லப்டொப்பில். நான் அவர்களைப் பார்க்காமல் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம்வரை எனக்கு ஒரு தீர்மானமும் இல்லை. பெட்டி பழுதென்று சொல்லலாம். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்குகிறோம் என்று சொல்லலாம். நம்பியதுபோல நடிப்பார்கள். அதில்தான் நல்ல பழக்கமாயிற்றே.

வாயைத் திறப்பதற்குள் கிறகோரி எழும்பினார். வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, கோயிலுக்கு வருவதுபோல வந்திருந்தார்.

"மாஸ்டர், நீங்கள் கஸ்டப்பட வேண்டாம். அது நான்தான். எனக்குத் தெரியும், நான்தான் இழுக்கிறனான். நான் நிக்கிறன். வெள்ளிக்கு நான் கீழை சனத்தோடை நிண்டு கேக்கிறன்."

சொல்லிவிட்டு மாதா படத்தைப் பார்த்தார். அவருடைய கை சாரத்தின் மடிப்பைப் பிடித்திருந்தது. லவீனா, "மாமா!" என்றாள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்த அறையில் என்னைத் தவிர இருந்த எட்டுப் பேருக்கும் அது பொய்யென்று தெரியும். எனக்கும் தெரியும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு இரக்கம் காட்ட இவர் யார்? எழுத்துக்கூட்டி வாசிக்கிற மனுசன். நாலாம் பாட்டை, வருடத்தில் ஒரு நாள் தன் பிள்ளைகளுக்காகப் பாடுகிற அந்த ஒரு பாட்டை, எனக்குத் தூக்கித் தருகிறார். வாங்கிக்கொண்டால் நான் மாஸ்டராகவே இருக்கலாம். ஒருவரும் ஒருநாளும் வாய் திறக்கமாட்டார்கள்.

"இருங்கோ கிறகோரி அண்ணை" என்றேன். அவரை அண்ணை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

முதலாம் கோட்டைத் தவிர மற்ற ஏழையும் அடைத்தேன். ஸ்பீக்கரைக் கூட்டினேன். ஏழு பாட்டின் முதல் வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு கீபோட்டில் தொடக்கச் சுருதியை அமத்தினேன். ஏழாவதில், சுருதி தெரியாத ஜெரிசனுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஒருவரும் ஆச்சரியப்பட்டதுபோல நடிக்கவும் இல்லை.

பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து முதலாம் வயரைக் கழற்றினேன். அந்தத் திருகுக்கு மேலிருந்த பச்சை வெளிச்சம் அணைந்தது.

"மாதாவுக்கு முன்னாலை சொன்னனான்" என்றேன். "ஏழு பேரும் பாடுங்கோ. நான் பதியிறன். லவீனா, வெள்ளிக்கு றொசாந்தி வருவாளோ எண்டு கேட்டுப் பார். நான் கேட்டதாய்ச் சொல்லு. ஜெரிசன், நீ இஞ்சாலை வா. அண்டைக்கு ரண்டு இடத்திலை தட்டினியே, அதை எனக்குக் காட்டு."

அவன் காட்டினான். கேலி இல்லாமல் காட்டினான், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

சுருதியை அமத்தினேன். கிறகோரி எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்தார்கள். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வெளிச்சங்களைப் பார்த்தேன். நாலாம் பாட்டில் அவர் மூச்செடுத்த இடம் மகா பிழை. ஒரு சொல்லை நடுவில் முறித்தார். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். சொல்லவில்லை. ஏழாவது முடிந்ததும் கீபோட்டை அமத்தினேன். தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள்.

அவர்கள் போன பிறகு புதுப் பதிவில் லவீனாவின் ஐந்தாம் கோட்டை மட்டும் திறந்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட இடங்களைக் கேட்டேன். ஆறு இடம். ஆறிலும் மூச்சு மட்டும்தான் இருந்தது.